மதினி சொன்ன சாட்சி

சாட்சிக்கூண்டில் ஏறுவதற்கு முன் என் மதினி செருப்பைக் கழற்றிக் கீழே ஓரமாக வைத்தார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குள் நுழைகிறவர் போலச் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி நின்றார். மாத்தளையில் அன்று காலையிலிருந்தே தூறல். நீதிமன்றத்துக்குள் ஈரக் குடைகளின் வாசம். எதிர்ப்பக்கத்து வாங்கில் அவருடைய தம்பி, அதாவது என் மகளின் தகப்பன், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

நானும் அவரும் பிரிந்ததற்குக் காரணங்கள் இரண்டு பக்கமும் உண்டு. அதை இங்கே கிளற விரும்பவில்லை. உக்குவளையில் அவர் பெயரில் இருந்த வீட்டை விட்டு, முதலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தேன். ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, புடவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கென்று எதுவும் வேண்டாம், பிள்ளைக்கு மாதாமாதம் தகப்பன் தர வேண்டிய தாபரிப்புப் பணம் மட்டும் போதும் என்றுதான் வழக்குப் போட்டேன். எவ்வளவு என்பதில்தான் சிக்கல் வந்தது. அவர் சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. வேன் வேறொருவருடையது, தான் வெறும் சாரதி, ஓடினால்தான் காசு என்று முதல் விசாரணைத் தவணையில் சொல்லிவிட்டார். பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த வாரமே மதினி என் அறைக்கு வந்தார். கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டில் இருந்தவர். தாய் இறந்த பிறகு அந்தத் தம்பியை வளர்த்ததும் அவர்தான். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"என் பேர சாட்சியா குடு புள்ள. நான் வந்து சொல்றேன்."

"வேணாம் மதினி. அது அவர் வீடு. அப்புறம் நீங்க எங்க போவீங்க?"

"அதை அப்புறம் பாப்போம். பிள்ள விஷயத்துல அவன் பொய் சொல்லிட்டு வந்து என் முன்னாலயே உக்காந்து சாப்பிடுறான். எனக்குத்தான் தொண்டைல இறங்க மாட்டேங்குது."

மதினிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் கூண்டில் ஏறியதும் தமிழில்தான் சொல்வேன் என்றார், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். என் சட்டத்தரணி வேனைப் பற்றிக் கேட்டதும் தயங்காமல் பதில் வந்தது. "வேன் அவனோடதுதாங்க ஐயா. லீசிங் கடனுக்கு முதல்ல கட்ட என் வளையலத்தான் அடகு வச்சோம். சொன்ன தவணைக்கு மீட்டும் தந்துட்டான். கடன் விஷயத்துல நல்ல பிள்ள."

மறுபக்கத்துச் சட்டத்தரணி எழுந்து, தம்பியோடு ஏதாவது கோபமா என்று கேட்டார்.

"கோபம் இல்லைங்க. நான் வளத்த பிள்ள அவன்."

"அப்படியென்றால் ஏன் அவருக்கு எதிராகப் பேசுகிறீர்கள்?"

"எதிராப் பேசலைங்க. அவனுக்கு என்ன வருதுன்னு கேட்டாங்க, அதைச் சொன்னேன்."

சீசன் மாதங்களில் வீட்டுக்கு என்ன வரும், சீசன் இல்லாத காலத்தில் கல்யாண ஹயர் ஓடி எப்படிச் சமாளிப்பார் என்றெல்லாம் சொல்லி முடித்தார். இறங்கப் போனவர் நின்று, நீதவானைப் பார்த்துக் கைகூப்பினார். "இன்னொன்னு ஐயா. சீசன் மாசத்த மட்டும் வச்சு மதிச்சுப் போட்டுடாதீங்க. மழைக்காலத்துல அவனால கட்ட ஏலாது. ரெண்டு காலத்துக்கும் தாங்குற மாதிரி போடுங்க." மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும்வரை நீதவான் பேனாவை மூடி வைத்துவிட்டு மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தீர்ப்பான தொகை நான் பயந்ததைவிடக் கூட, ஆசைப்பட்டதைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்தது.

வீட்டை விட்டுப் போ என்று தம்பி சொல்லவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். சில வாரங்களில் ஒரு தகரப் பெட்டியோடு மதினி என் வாசலில் நின்றார். "நான் அங்க இருந்தா அவன் வீட்டுக்கே வர மாட்டேங்கிறான் புள்ள" என்றார். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே அறை. நான் கடைக்குப் போனால் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது அவர்தான். இடையிடையே பெட்டியைத் திறந்து மூடுவார். உள்ளே தம்பியின் சின்ன வயதுப் படம் ஒன்று இருந்தது.

பிறகு நாட்டுக்கு வெள்ளைக்காரர்களே வராத காலம் ஒன்று வந்தது. சீகிரியாவில் வேன்கள் வரிசையாகச் சும்மா நின்றன. பணம் ஒரு மாதம் பாதியாக வந்தது, அடுத்த மாதம் வரவே இல்லை. மறுபடி கோர்ட்டுக்குப் போக நான் கிளம்பினேன். மதினி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அன்னைக்கு இருந்தது, இருக்குன்னு சொன்னேன். இன்னைக்கு நெசமாவே இல்ல. போய்க் குறைக்கச் சொல்லு." எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனேன். தொகையைக் குறைக்க எனக்குச் சம்மதம் என்று நானே எழுந்து சொன்னபோது, எதிர் வாங்கில் இருந்தவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்ததும் யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். மழையில் இறங்கி நடந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறை வாசலில் வந்து "அக்கா" என்று கூப்பிட்டார்.

நானும் அவரும் சேர்ந்து வாழவில்லை. அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. மகள் இப்போது பல்லேகமையில் ஆசிரியை. நீதிமன்றம் விதித்த காலம் முடிந்த பிறகும், அவளுடைய படிப்பு முடியும்வரை அவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஒரு பெண், மதினியைக் காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம், "தம்பிக்கு எதிரா கோர்ட்டு ஏறுனவங்க இவங்கதான்" என்றாள். நானும் மகளின் தகப்பனும் கேட்கும் தூரத்தில்தான் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பி, "அன்னைக்கு அக்கா சொன்னது அத்தனையும் சரி" என்றார். "ஒரு சதம் கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல."

அந்தப் பெண் சங்கடப்பட்டு, "இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"என்னோட, எங்க வீட்டுல" என்றேன். மண்டபத்தில் இன்னும் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.