யூசுப் மாமாவின் கோபமும் அப்பாவின் மருமகனும்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அவருடைய மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அப்பா மன்னாரில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். போர்க்காலத்தில் தம்பியைப் பறிகொடுத்தார். கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து, அங்கே லாசால் பகுதியில் குடியமர்ந்து, ஓய்வுபெறும்வரை டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றும் வேலை செய்தார். பாக்தாத்திலிருந்து வந்த யூசுப் மாமா அங்கே கிடைத்த நண்பர். எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்தார். இருவரும் அரைகுறைப் பிரெஞ்சிலேயே எல்லாம் கதைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த டானியலை நான் மணக்கப்போவதாக அறிந்ததும், யூசுப் மாமா அழைப்பிதழை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அமெரிக்கனுக்கோ பிள்ளையைக் குடுக்கிறீர்? அவங்கள் எல்லாரும் ஒண்டுதான்."

அமெரிக்கப் படை ஈராக்கில் நுழைந்த போரில் அவருடைய தங்கை குண்டுவீச்சில் இறந்திருந்தார். வீட்டிலிருந்த அரபுத் தொலைக்காட்சியோ அந்தக் காயத்தை ஆறவிடவில்லை. அதில் வரும் அமெரிக்கர் சுடுவதற்குத் துவக்கை நீட்டி நிற்பார், இல்லையேல் சிரிப்பார். வேறு அமெரிக்கர் எவரோடும் யூசுப் மாமா பழகியதில்லை.

நான் அழுதேன். அப்பா கோபிக்கவில்லை.

"அவற்ர தங்கச்சி செத்தது பொய்யில்லை, பிள்ளை. உன்ர சித்தப்பா செத்தண்டைக்கு ரேடியோ என்ன சொன்னது? பயங்கரவாதி எண்டு. அவன் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவன். ரேடியோவைக் கேட்ட சனம் அதைத்தானே நம்பியிருக்கும்?"

யூசுப் மாமா திருமணத்துக்கு வரவில்லை. மறுநாள் அப்பா கல்யாணச் சாப்பாட்டை மேல்மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பின்னர் அப்பாவின் சிறுநீரகம் பழுதடைந்தது. யூசுப் மாமாதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வார். பனி கொட்டிய ஒரு காலையில் அந்தக் கார் இயங்க மறுத்தது. டானியல் எங்கள் காரைக் கொண்டுவந்தார்.

"நீரும் ஏறும்" என்றார் அப்பா.

யூசுப் மாமா பின்னிருக்கையில் என் பக்கத்தில் அமர்ந்தார். பாதி வழியில் டானியலிடம் பிரெஞ்சில் கேட்டார்:

"எங்கட நாட்டில உங்கட ஆக்கள் செய்தது உமக்குத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியாது. நான் அப்ப சின்னப் பெடியன். எங்கட ரீவியில வானத்தில வெளிச்சம் போறதைத்தான் காட்டினவை. கீழ இருந்த ஆக்களைக் காட்டேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்ற பிறகும் யூசுப் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையின் பெயர் நூர், பள்ளி ஆசிரியை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். டானியல் எதையும் நியாயப்படுத்தவில்லை. சிகிச்சைக்கு நேரமாகிறதென்று நான் பதறியபோது, அப்பா கையைக் காட்டி அமர்த்தினார்.

யூசுப் மாமாவின் கோபம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். அமெரிக்க அரசை இன்றும் திட்டுகிறார். டானியலும் சேர்ந்து திட்டுகிறார். ஆனால் தொலைக்காட்சியில் "அமெரிக்கர்கள்" என்று தொடங்கினால், "எந்த அமெரிக்கன்?" என்று அதனிடமே கேட்கிறாராம். அவருடைய மனைவி சொல்லிச் சிரித்தார்.

அப்பாவின் கடைசி நாட்களில் யூசுப் மாமாவும் டானியலும் மாறிமாறி அருகிருந்தார்கள். அன்போடு கவனித்த வைத்தியர்கள், தாதியர், செபித்த பங்குத்தந்தை, சமைத்து அனுப்பிய அயலவர் அனைவரையும் எங்கள் குடும்பம் நன்றியோடு நினைக்கிறது. யூசுப் மாமாவுக்கு நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அடக்கத்தன்று அவரும் டானியலும் பெட்டியைச் சேர்ந்து தூக்கினார்கள். அங்கே வந்திருந்த அவருடைய உறவினர் ஒருவர் டானியலைக் காட்டி அரபியில் ஏதோ கேட்டார். யூசுப் மாமாவும் ஏதோ சொன்னார். என்ன கேட்டார் என்று பிறகு மாமாவிடம் விசாரித்தேன்.

"அந்த வெள்ளைக்காரன் ஆர் எண்டு கேட்டவர். எங்கட மருமகன் எண்டு சொன்னன்."