குப்பையைக் குப்பையில் போட்ட கதை

கொடைக்கானல் மேல்மலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தொடப்பக்காரி. அதை வைத்தவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், "நாளைக்கு வெள்ளனே குப்பை அள்ளணும், எந்திரிச்சிரு" என்றாள். புது மருமகள் நல்ல பேர் எடுக்க வேண்டாமா? விடிவதற்குள் துடைப்பமும் முறமுமாகத் தோட்டத்தில் போய் நின்றேன். அங்கே மண்வெட்டியும் கூடையுமாகச் சாணக் குவியலைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். மேல்மலையில் குப்பை என்றால் எரு. பழனி அடிவாரத்தில் பிறந்த எனக்கோ குப்பை என்றால் பக்தர்கள் போட்டுவிட்டுப் போகும் வாழைப்பழத்தோல். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை ஊர் இன்னும் முடிக்கவில்லை. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும், "யாரு, நம்ம தொடப்பக்காரியா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே பூண்டு விற்பதற்காக மட்டும் நான் வெப்சைட் தொடங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் பூண்டு நல்ல பூண்டு. ஒரு பல் நசுக்கினால் பக்கத்து வீட்டிலும் பசிக்கும். அது கீழே மண்டிக்குப் போய் ஊர்ப்பட்ட பூண்டோடு கலந்து பெயரில்லாமல் போவதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பட்டப்பெயரைத் தொலைத்து, 'வெப்சைட் போட்டவ' என்று ஊரைச் சொல்ல வைப்பதுதான் என் உள்ளாசை.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்து எங்களிடம் பூண்டு வாங்கிப் போன கோவைக்கார அம்மா ஒருவர் வழி திறந்துவிட்டார். இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கிறாராம். "வெப்சைட் இருந்தா அனுப்புங்க. என்ன உரம் போடறீங்கன்னு தெளிவா இருக்கோணும். எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டுத்தானுங்க முடிவு பண்ணுவார்" என்று போன் செய்தார். எங்கள் வீட்டில் முடிவு செய்பவர் ஓரகத்தியின் கணவர். எல்லாருக்கும் அவர் பெரியவர். நிலத்தைத் தவிர எதையும் நம்பமாட்டார்.

"மண்டி லாரி வர்ற வரைக்கும் பூண்டு பரண்லயே கெடக்கட்டும். அதுக்குள்ள உங்க சைட்டு வித்துக் குடுத்தா சரி. இல்லேன்னா மூட்டையைக் கட்டிருவோம். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

வீட்டில் நெட் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் வரும். லேப்டாப்பையும் பிளாஸ்கில் டீயையும் எடுத்துக்கொண்டு நானும் ஓரகத்தியும் அங்கே போய் உட்கார்ந்தோம். கோடிங் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. கேட்கும் கட்டங்களை நிரப்பினால் சைட் பக்கம் பக்கமாகத் தானே உருவாகும். ஓரகத்திக்கும் புரியட்டுமே என்று அதன் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். வினையை விலை கொடுத்து வாங்கினேன் என்று அப்போது தெரியவில்லை.

திறந்ததுமே ஒரு வணக்கப் பதிவு தயாராக இருந்தது. அதன் கீழே யாரோ ஒருவர் கருத்தும் எழுதியிருந்தார். "பாத்தியா, நாம இன்னும் கதவே தெறக்கல, அதுக்குள்ள ஆளு வந்துருச்சு" என்று ஓரகத்தி பூரித்தாள். என் உடம்பில் ஓடுவது அடிவாரத்துக் கடை ரத்தம். வந்த ஆளை விடுவேனா? 'வணக்கங்க, பூண்டு எத்தனை கிலோ வேணும்?' என்று பதில் போட்டேன். காத்திருந்து காத்திருந்து கண் பூத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வணக்கமும் கருத்தும் மாதிரிக்காக மென்பொருளோடு வருபவை. புதிதாகச் சைட் தொடங்கும் எல்லாரிடமும் அதே ஆள் அதையேதான் எழுதியிருக்கிறார்.

"வாங்காத ஆளு எதுக்கு வாயத் தெறக்கணும்?" என்றாள் ஓரகத்தி. அந்த ஆள் மேல் அவளுக்கு இன்றைக்கும் கோபம்தான்.

முகப்புப் பக்கத்தை எங்கள் அப்பாவின் கடை முறைப்படி அமைத்தேன். அடிவாரத்தில் யாரும் எடுத்த எடுப்பில் பூஜைத் தட்டு வாங்கச் சொல்லமாட்டார்கள். "செருப்பை இங்க விட்டுட்டுப் போங்கண்ணே, காசு வேணாம்" என்பார்கள். செருப்பைக் கழற்றியவர் அப்புறம் வெறுங்கையோடு மலை ஏறிவிட முடியுமா? அதனால் முகப்பில் விலையே போடவில்லை. மலைப்பூண்டு ரசம் வைப்பது எப்படி என்று மட்டும் எழுதினேன்.

அடுத்தது உரப் பக்கம். ஓரகத்தி சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஆட்டுக்கிடை போடுவது, சாணத்தை மழை படாமல் மூடி மக்க விடுவது, நன்றாக மக்கியதைக் கையில் எடுத்தால் மண்வாசம் வருவது எல்லாம் அதில் வந்தன. 'எங்க குப்பை' என்று தலைப்பும் அவளே வைத்தாள்.

"எருன்னு வைப்போமே அக்கா."

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு குப்பை. தொடப்பம் கொண்டாந்தவளுக்கு எங்க தெரியப்போகுது?"

அவள் சொன்ன தலைப்பையே போட்டேன். பக்கத்தை வெளியிட்டு லிங்க்கைக் கோவைக்கு அனுப்பினேன். என் கூடப்பிறந்த அக்காள் மகளுக்குப் பழனியில் காதுகுத்து. "எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க அக்கா" என்று லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். அவள் பார்த்தாள். சரியில்லாததைச் சரியும் செய்தாள்.

மண்டபத்தில் ஆசாரி ஊசியை எடுக்க, குழந்தை அலற, என் போன் அடித்தது. ஓரகத்தி.

"ஏ புள்ள, எல்லாத்தையும் கலந்துல்ல வச்சிருந்த? ஓரத்துல குப்பைன்னு தனியாவே ஒரு எடம் குடுத்திருக்கான், சும்மா கெடந்துச்சு. நம்ம குப்பையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டேன்."

குழந்தையை மிஞ்சி நான் அலறினேன். வேண்டாமென்று கழித்ததைப் போடும் இடத்துக்கு, அந்த மென்பொருளைத் தமிழாக்கிய புண்ணியவான் குப்பை என்று பேர் வைத்திருந்தார். அவர் நிச்சயமாக மேல்மலைக்காரர் இல்லை.

"அக்கா, அது தொடப்பக் குப்பை அக்கா! கழிச்சதைப் போடுற எடம்!"

"இத்தனை வருசம் இங்க குப்பை கொட்டியும் குப்பைன்னா உனக்குத் தொடப்பந்தான் ஞாபகம் வருதா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மண்டபத்து மூலையில் நின்று, போனிலேயே தேடிப்பிடித்து அந்தப் பக்கத்தை மீட்டெடுத்தேன். ஆனால் கோவையில் அதற்குள் பார்த்துவிட்டார்கள். "உரத்தைப் பத்தி நேத்து இருந்துச்சு, இன்னிக்கு எடுத்துட்டீங்களே, ஏனுங்க?" என்று அந்த அம்மா கூப்பிட்டது பெரியவரின் எண்ணுக்கு. சைட்டில் கொடுத்திருந்தது அதுதான்.

"எடுக்குறதா? அதை எடுக்க நாலு ஆளு வேணும்மா. குப்பை தோட்டத்துல அப்படியே கெடக்கு. சந்தேகம்னா வந்து கையை விட்டுப் பாருங்க" என்றாராம். கையோடு என்னையும் கூப்பிட்டார். "ஏத்தா, உன் சைட்டு நம்மளக் களவாணியா ஆக்கிருச்சு. நாளைக்கு வர்றாங்க. லாரியும் நாளைக்குத்தான். வெரசா வந்து சேரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருக்கிற பட்டத்தைத் தொலைக்கப் போய், வீட்டு மானத்தை வாங்கினவள் என்று இன்னொரு பட்டமும் சேரப்போகிறது.

மறுநாள் பழனியிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி, நான் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது காரும் நின்றது, லாரியும் நின்றது. அந்த அம்மாவின் கணவர் மணிக்கட்டு வரை குப்பைக்குள் கையை விட்டு முகர்ந்துகொண்டிருந்தார். பெரியவர் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றார். அந்த அம்மா போனும் கையுமாகச் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தொடப்பக்காரிங்கறது யாருங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்குள் கிடந்த பெயர் கோவை வரை எப்படிப் போனது? அவர் போனைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'எழுதியவர்: தொடப்பக்காரி' என்று இருந்தது. ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பட்டப்பேரு கட்டாயம்னு போட்டுக் கேட்டுச்சு. உனக்கு இருக்குறது அது ஒண்ணுதான? நான் என்ன, புதுசாவா வைக்க முடியும்?" என்றாள், கொஞ்சமும் அசராமல்.

அவளை அந்தக் குப்பையிலேயே தள்ளிவிடலாம் போலிருந்தது. அதற்குள் அந்த அம்மாவின் கணவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பக்கத்தைக் காணோம்னதும் நான் வேண்டாம்னுட்டேனுங்க. அந்த ரசத்தைப் படிச்சுப்போட்டு இவதான் வந்தே தீரோணும்னா. கையில எடுத்தா மண்வாசம் வரும்னு எழுதியிருந்ததும் நெசந்தான். எழுதினவங்ககூடவே பேசி முடிச்சுக்கறோமுங்க. அவங்க இருக்காங்களா?"

"மண்வாசம்னு சொன்னது நானு" என்று ஓரகத்தி நடுவில் புகுந்தாள். கீழே ரோட்டில் லாரிக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார்.

"நான்தாங்க தொடப்பக்காரி" என்றேன். அந்தப் பெயரை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

பெரியவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக் கையைக் குவித்துக் கத்தினார்.

"நீ கெளம்புப்பா! பூண்டுன்னா இனிமே எங்க தொடப்பக்காரிகிட்ட கேட்டுட்டு வா!"