ஒரு க்ளிக் டொக்டர்

மூன்று சுற்று ஓடி முடித்ததும் யோகராஜா கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் அசையாமல் இருக்கிறார். திரையில் கார் நிற்கிறது, இன்ஜின் உறுமுகிறது, அவர் பாட்டுக்குத் தியானத்தில் இருக்கிறார். "ஓடுனது ஒடம்புல எறங்கணும். அவசரப்பட்டா ஒண்ணும் தெரியாது" என்பது அவர் கட்சி. பிறகு காதில் செருகிய பென்சிலை உருவி, மடியிலிருக்கும் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறார்: 'பின் பார் ஐந்திலிருந்து நான்கு. வளைவில் வால் அடங்கிவிட்டது. மிக நன்று.' அதன் கீழே அழுத்தி இரண்டு கோடு. பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் அவர் கொப்பியில் 'மிக நன்று' என்று எழுதியதில்லை. இப்போது அவரே எழுதிக்கொள்கிறார்.

பின் பார் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். இது கம்ப்யூட்டரில் ஓட்டும் கார்ப்பந்தய விளையாட்டு. பந்தயத்துக்கு முன்னால் டயர் காற்று, ஸ்பிரிங்கின் விறைப்பு, பின் இறக்கையின் சரிவு என்று முப்பது நாற்பது இலக்கங்களைத் திரையில் ஏற்றி இறக்கலாம். வளைவில் கார் ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் பிடிக்கும் கம்பிதான் பார். அதற்கு ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கம். ஒரு இலக்கம் மாற்றினால் ஒரு க்ளிக். ஒரே ஒரு க்ளிக் மாறினாலும் தமக்குத் தெரியும் என்பதுதான் யோகராஜாவின் பேர், புகழ், சொத்து எல்லாம்.

இந்த விளையாட்டுக்காரர்கள் நூற்றெண்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு டொக்டர் என்று பட்டம். வவுனியாவிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் காரின் நோவைச் சொல்லி எழுதுவார்கள். இவர் மருந்து சொல்லுவார். "பின்னுக்கு ஒரு க்ளிக் எறக்கிப் பாருங்க தம்பி." மருந்து பெரும்பாலும் இது ஒன்றுதான். குடித்தவர்களெல்லாம் குணமாகிவிட்டதாகவே எழுதினார்கள். நாற்பத்து மூன்று வயது டொக்டரிடம் கார் கிடையாது, லைசன்ஸ் கிடையாது. பல்லேகலவுக்கு வேலைக்குப் போவது பஸ்ஸில், அதுவும் பாதி நாள் மிதிபலகையில்.

திகன டவுனுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் அவர் வாடகைக்கு இருக்கிறார். மனைவி புஷ்பராணியின் தையல் மேசையில்தான் ஸ்டியரிங்கைப் பூட்டியிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பிளாஸ்டிக் கதிரை பின்னுக்கு ஓடுகிறது என்று அதன் காலுக்கு இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கு புஷ்பராணி தைத்த துணியை மடித்து எடுத்தால், எட்டு மணி வரை மேசை அவருடையது. பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர்கள் சண்டை போடாமல் பங்கு வைத்துக்கொண்ட ஒரே சாமான் அதுதான்.

பகலில் அவர் செய்யும் வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு வராது. பல்லேகலவில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ருசி பார்க்கும் அறையில் பத்தொன்பது வருடமாகக் கோப்பை அடுக்குகிறார். தூளை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மணி அடித்ததும் வடித்து, இருபது முப்பது கோப்பைகளை வரிசையாக வைக்க வேண்டும். எந்தத் தோட்டத்துத் தூள் என்று எழுதிய துண்டு கோப்பைக்கு அடியில் மறைந்திருக்கும். ருசி பார்க்கும் பெரியவர் கரண்டியால் உறிஞ்சி, துப்பி, தீர்ப்புச் சொல்லி முடிக்கும் வரை துண்டைத் திருப்பக் கூடாது. இந்தச் சட்டத்தில் யோகராஜா இம்மியும் பிசகமாட்டார். முதலாளி வந்து நின்றாலும் துண்டைக் காட்டமாட்டார். "பேரு தெரிஞ்சா நாக்கு பேரத்தான் குடிக்கும் சார், தேத்தண்ணிய குடிக்காது" என்பார். துண்டை வைத்தவர் அந்த அறையில் நிற்கவே கூடாதென்று தாமே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "மொகம் காட்டிக் குடுத்துரும்."

அவருக்கும் அந்தக் கரண்டியைப் பிடிக்கும் ஆசை இருந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். அந்தக் கொழுந்தை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவனாக ஒருநாள் ஆகவேண்டும் என்று மூன்று முறை பரீட்சைக்கு இருந்தார், மூன்று முறையும் கவிழ்ந்தார். கடைசி முறை ஒரே தேநீரை இரண்டு கோப்பையில் வைத்திருந்தார்கள். ஒன்றைப் பச்சை வாசம் என்றார், மற்றதை நல்ல காரம் என்றார். பெரியவர் நல்ல மனுஷன். "யோகா, கப் வைக்கிறதுல ஒன்ன அடிக்க ஆளில்ல" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்றைக்கும் அவருக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் ஸ்டியரிங். நாக்கு போனால் போகட்டும், கை இருக்கிறதே என்று மனிதர் மறுபடி நிமிர்ந்து நடந்தார். மூன்று வருடத்தில் பதினொரு கொப்பி நிரம்பின. அவற்றைப் புரட்டினால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். சுற்று சீக்கிரம் முடிந்தால், க்ளிக் வேலை செய்தது. தாமதமானால், டயர் சூடேறவில்லை. அதுவும் இல்லையென்றால் கரண்ட் ஏறி இறங்கியது, புஷ்பராணி குக்கரை இறக்கவில்லை, தகரத்தில் மழை அடித்தது. க்ளிக் தோற்றதாக ஒரு வரியும் கிடையாது.

அவருடைய புகழை ஊரெல்லாம் ஓட்டிக் காட்டியவர் அஹ்னாப். திகன டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார், வயது இருபத்தாறு. யோகராஜா எழுதிக்கொடுத்த இலக்கங்களைப் போட்டு இரண்டு வருடம் தொடர்ந்து முதலிடம். "நான் சும்மா மிதிக்கிற. கார செய்ற டொக்டர் அண்ணன்" என்று வெற்றி பெற்ற ஒவ்வொரு தடவையும் குழுவில் எழுதுவார். அந்த வரிகளை யோகராஜா போனில் படம்பிடித்து வைத்திருக்கிறார். புஷ்பராணிக்கு நாலைந்து முறை படித்தும் காட்டியிருக்கிறார்.

இப்படி இருக்கையில்தான் கொழும்பிலிருந்து நஸீப் என்று ஒருவர் குழுவில் எழுதினார்: 'செட்டிங் எல்லாம் மனப்பிரமை. ஓட்டுறவன்தான் காரணம்.' நூறு பேர் டொக்டருக்காக அவர் மேல் பாய்ந்தார்கள். டொக்டர் எல்லாரையும் அடக்கினார். 'சண்டை வேணாம். எங்க ரூம்ல செய்ற மாதிரி பேர மறச்சு வச்சே காட்டுறேன். போயா அன்னைக்கு முடிவு வரும். என்ன வருதோ அத அப்படியே போடுவேன்.' சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

போயா என்னும் பௌர்ணமி விடுமுறையன்று பகல், அவர் சோதனையை அடுக்கிய அழகைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு துண்டு, ஆறு துண்டில் 'நான்கு', மற்ற ஆறில் 'ஐந்து' என்று எழுதி, மடித்து பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கியாயிற்று. துண்டை எடுத்து இலக்கத்தை மாற்றுவது புஷ்பராணி. அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே அவளுடைய தகுதி. மாற்றும்போது அவரும் அஹ்னாபும் வாசலுக்குப் போய்விட வேண்டும். மாற்றியதும் அவள் குசினிக்குள் போய்விட வேண்டும். அவர் சொல்வதை அஹ்னாப் எழுத வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. "நேரமும் எனக்குத் தெரியக் கூடாது" என்று திரையின் மூலையில் காகிதம் ஒட்டினார். புஷ்பராணிக்கு ஏக சந்தோஷம். அந்த மேசையில் புருஷனோடு சேர்ந்து அவள் ஒரு வேலை செய்வது அதுதான் முதல் தடவை. நல்ல சேலை ஒன்றைக்கூட உடுத்தியிருந்தாள்.

யோகராஜா ஓடினார். மூன்று சுற்று, கண் மூடல், தீர்ப்பு. எங்கும் ஒரு தயக்கம் இல்லை. மூன்றாவது தடவை, "இது அஞ்சு. செத்த பாம்பு மாதிரி கெடக்கு" என்றார். நான்காவது தடவை, "ஆ, இது நாலு. இப்பதான் உசுரு வந்துச்சு." பன்னிரண்டும் முடிந்து துண்டுகளைப் பிரித்தார்கள். மூன்றாவதும் ஐந்து, நான்காவதும் ஐந்து. பாம்பு சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை. பன்னிரண்டில் அவர் சரியாகச் சொன்னது ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டியிருந்தாலும் ஆறு தேறியிருக்கும்.

"ஒரு க்ளிக் சின்னந்தானே அண்ணே" என்றார் அஹ்னாப். "மூணு க்ளிக் வெச்சுப் பாப்பம். அப்ப கட்டாயம் தெரியும்."

வைத்துப் பார்த்தார்கள். நான்கும் ஏழும், ஆறு துண்டு. மூன்று சரி, மூன்று பிழை. பிறகு அஹ்னாப் உட்கார்ந்து நான்கிலும் ஓடினார், ஐந்திலும் ஓடினார், ஏழிலும் ஓடினார். எல்லாம் ஒரே நேரம்தான், இமைக்கிற வித்தியாசம். இரண்டு வருடமாக ஜெயித்தது அந்தப் பையனுடைய கால் என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. அஹ்னாபின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன் திறமை தெரிந்துவிட்டதற்காக ஒரு மனிதன் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தான்.

"இத குரூப்ல போடத் தேவில்ல அண்ணே. நமக்குள்ளயே ஈக்கட்டும்."

"போடுவேன்னு சொல்லியிருக்கேன்."

புஷ்பராணி குசினி வாசலில் நின்றாள். "நான் ஏதாச்சும் மாத்தி வச்சிட்டேனாங்க?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். பழியை அவள் வாங்கிக்கொண்டிருப்பாள், எத்தனையோ வாங்கியவள்தானே. யோகராஜா துண்டுகளைத் திரும்ப டின்னில் போட்டார். "இல்ல புள்ள. நீ சரியாத்தான் வச்ச" என்றார்.

அஹ்னாப் போனபின் பதினொரு கொப்பிகளையும் இறக்கி வைத்துப் படித்தார். பத்தொன்பது வருடம் துண்டு மறைத்த மனிதர், தம் கொப்பியில் மட்டும் துண்டை மேலேயே எழுதியிருந்தார். முதல் வரி மாற்றம், அடுத்த வரி தீர்ப்பு. பேரைப் படித்துவிட்டுக் குடித்த கோப்பைகள், ஆயிரக்கணக்கில். பிறத்தியார் நாக்குக்குக் கதவைச் சாத்தத் தெரிந்தவருக்குத் தம் கைக்கும் ஒரு கதவு வேண்டுமென்று தோன்றவேயில்லை. என்ன மடத்தனம் என்று நாம் சொல்லலாம். அவருக்கு அது மடத்தனமாகப் படவில்லை. மூன்று வருடமாகக் கூட இருந்த ஒருவன் செத்துப்போனது போலவும், அப்படி ஒருவன் பிறக்கவேயில்லை என்று யாரோ வந்து சொன்னது போலவும் இருந்தது. நாக்கும் இல்லை, கையும் இல்லை, இனி எதை நம்பி எழுந்து நிற்பது என்று அவருக்கு விளங்கவில்லை. செங்கல்லை விலக்கிவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்து அழுதார். புஷ்பராணி பார்த்தும் பார்க்காதது போல மேசை மேல் துணியை விரித்தாள்.

முடிவை அப்படியே போட்டார், ஒரு எண்ணையும் மறைக்கவில்லை. கேலி செய்வார்கள் என்று காத்திருந்தார். கேலி செய்திருந்தால் மனிதர் தப்பியிருப்பார். நடந்தது வேறு. 'டொக்டருக்கு அன்னைக்கி சுகமில்ல போல.' 'பேப்பர் ஒட்டினதால கவனம் சிதறியிருக்கும்.' 'வீட்டு ஸ்டியரிங் பழசு, அதான்.' அவர் கொப்பியில் எழுதிய அதே சாட்டுகளை நூறு பேர் அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். அக்கரைப்பற்றுப் பையன் ஒருவன் அடுத்த பந்தயத்துக்கு மருந்து கேட்டான். யோகராஜா எழுதினார்: 'தம்பி, நான் சொல்றது ஒண்ணும் வேலை செய்யாது. ஒங்க இஷ்டத்துக்கு வைங்க.' பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கட தன்னடக்கம்தான் டொக்டர் எங்களுக்குப் பாடம்.' நஸீப் மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தார்: 'மன்னிச்சுக்கொள்ளுங்க, இப்பிடி ஆகுமெண்டு நெனைக்கல்ல.' அந்த ஒரு வரியைத்தான் அவரால் படிக்க முடிந்தது.

வேலைக்குப் போகிறார். கோப்பை வரிசை பிசகவில்லை, துண்டு தெரியவில்லை, பெரியவருக்கு எந்தக் குறையும் இல்லை. தேநீர் குடித்தாயா என்று யாராவது கேட்டால் தலையை ஆட்டுகிறார். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருகிறார்.

போன செவ்வாய்க்கிழமை மாலை புஷ்பராணி மீன் குழம்பு வைத்தாள். அகப்பையில் கொஞ்சம் அள்ளி, ஊதி, குசினிக்குள் வந்து நின்றவரின் உள்ளங்கையில் விட்டாள். "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க."

யோகராஜா கையிலிருந்த குழம்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ எவ்வளவு போட்ட?"

அகப்பையை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். குழம்பு விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. அவர் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.