வாய்க்கால் போர்டில் கொழுகொழு எழுத்து

இன்று மதியம் பொள்ளாச்சி போகும் வழியில், வாய்க்கால் பாலத்தருகே ஒருவர் தன் சின்னப் பெண்ணைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, அங்க ஆழமுங்க! போர்டு பாக்கலீங்களா?” என்று கத்தினேன்.

வெடுக்கெனப் பெண்ணைத் தூக்கிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

“பாத்தனுங்க. ஐஸ்கிரீம் கடை விளம்பரமாட்ட இருந்துச்சுங்க. படிக்கவே இல்லீங்க.”

திரும்பிப் பார்த்தேன். அவர் மேல் குற்றமில்லை.

‘ஆபத்து! ஆழமான பகுதி’ என்பதை முனையெல்லாம் உருண்ட கொழுகொழு எழுத்தில், ரோஸ் நிறத்தில் அடித்திருக்கிறார்கள். ‘ஆ’வின் சுழி பலூனாக உப்பியிருக்கிறது. பிறந்தநாள் கேக்குக்கு அந்த எழுத்து அழகுதான். சாவைச் சொல்லவுமா அது?

போர்டின் அடியில் இருந்த ஃப்ளெக்ஸ் கடை எண்ணுக்குப் பேசினேன்.

“அந்த எழுத்துதானுங்க இப்ப ஓடுது. பாக்கச் சாந்தமா இருக்குமுங்க.”

“சாந்தமாவா? ஒரு புள்ள போயிருக்குமுங்க! மாத்திக் குடுங்க.”

“ஆர்டர் குடுத்தவங்க சொல்லோணுமுங்க.”

போனை வைத்துவிட்டேன். கடைவீதியில் சிவப்பு பெயின்ட் வாங்கிவந்து, போர்டின் குறுக்கே ‘இறங்கினா செத்துப்போவீங்க’ என்று கோணல்மாணலாக எழுதினேன். அத்தனை ஆத்திரத்திலும் அந்த ‘ங்க’வை விட முடியவில்லை.

பொதுச் சொத்தைக் கெடுத்ததாக என்னைப் பிடித்தால், ஜாமீனுக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்?