கேதரினின் தலையும் டாக்டரின் தைலமும்

டாக்டர் விக்னேஸ்வரனுக்குப் பட்டங்கள் நிறைய. அவற்றுக்குச் சட்டம் போட்டு மாட்டியபோது மூளையையும் கையோடு மாட்டிவிட்டாரோ என்று கேதரினுக்கு நெடுநாள் சந்தேகம்.

கேதரின் மலேசியாவில் மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம், காற்றே இல்லாமல் இயங்கும் கலன்களைத் துடைத்தாள். அந்த ஆலை மூடியதும் பக்கத்தில் டாக்டர் தலைமையில் நடக்கும் ஆராய்ச்சி நிலையம் அவளை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை ஓர் இரும்பு வளையத்துக்குள் நடத்திப் பார்க்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது. பராமரிப்புக்காக அதை ஆறு மாதம் நிறுத்தி, உள்சுவரின் பழைய கிராஃபைட் ஓடுகளைக் கழற்றிப் புதியவை பதித்தார்கள். நுழையும் வாசலோ சிறியது. பெரிய மனிதர்கள் தொப்பையோடு வெளியே நின்று மேற்பார்வை பார்க்க, சின்ன உடம்புக்காரி கேதரின் தலை உறை, கையுறையோடு ஊர்ந்து போய் ஒவ்வோர் ஓடாகத் துடைத்தாள்.

உள்ளே துளி எண்ணெய் பட்டாலும் போச்சு. ஆவி கசிந்துகொண்டே இருக்கும், வெற்றிடம் நிற்காது. அதனால் ஆறு மாதமாக அவள் தலைக்கு எண்ணெய் இல்லை, முகத்துக்குப் பவுடர் இல்லை. “என்ன கேத்தி, தலை தேங்கா நாரு மாதிரி கெடக்கு?” என்று சர்ச்சில் கேட்டார்கள். சிரித்து மழுப்பினாள். ஆனால் வலித்தது.

இயந்திரத்தை மூடிக் காற்றை உறிஞ்சினார்கள். அழுத்தம் இறங்குவது பாதியிலேயே நின்றது. எண்ணெய் ஆவி என்று காட்டியது கருவி. கூட்டம் கூடியது.

“வேற யாரு? தோட்டத்துப் பொம்பளைங்க எண்ணெய் வைக்காம இருப்பாங்களா?” டாக்டர் வழக்கம்போல் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். “நாளையிலேர்ந்து அவங்க வர வேணாம்.”

பம்பு பார்க்கும் இர்வானுக்குப் பொறுக்கவில்லை. “தொறந்து பாத்துட்டுப் பேசுங்கலா சார். கேத்தி, உள்ள போய்ப் பாரு தங்கச்சி.”

அவள் போனாள். வாசலை ஒட்டிய ஓட்டில் ஒரு முழு உள்ளங்கைத் தடம், எண்ணெய்ப் பளபளப்போடு. மோதிர விரல் அடியில் ஒரு கீறல். கேதரின் ஓட்டைக் கழற்றிப் பையில் போட்டாள். அதோடு நேரே முன்கூடத்துக்கு நடந்தாள். எல்லாரும் பின்னால் வந்தார்கள். அங்கே சுவரில் டாக்டரின் பெரிய படம். வாசலுக்குள் இடுப்புவரை உடம்பைத் திணித்து, வெறுங்கையை அதே ஓட்டில் ஊன்றி, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறார். விரலில் கல் வைத்த தடித்த மோதிரம். இயந்திரத்தை மூடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அவள் இல்லாதபோது எடுத்தது.

கேதரின் தலை உறையைக் கழற்றினாள். “ஆறு மாசமா சொட்டு எண்ணெய் இல்ல சார். வேணும்னா தொட்டுப் பாருங்க. இது உங்க தைலம்.”

டாக்டர் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். “டீம்வொர்க்லா இது. யாரையும் குறை சொல்ல வேணாம்.”

அவளுடைய வேலை தப்பியது. மன்னிப்பு என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. மறுநாள் படம் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது, டாக்டர் கையெழுத்தோடு: துப்புரவுப் பெண்கள் கண்டிப்பாகக் கையுறை அணிய வேண்டும்.

கேதரின் அதை நிதானமாகப் படித்தாள். பிறகு சாமான் அறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கையுறை ஒரு ஜோடி எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தாள்.

“உங்க சைஸ் சார்.”