நாலு வரி மட்டும் படித்தவள்

திட்டு வாங்குவது அவளுக்குக் கைவந்த கலை. பேருந்து நிறுவனத்தின் புகார் ஜன்னலுக்குப் பின்னால் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள். வண்டி வரவில்லை, நடத்துநர் மரியாதையில்லாமல் பேசினார், குடையை விட்டுவிட்டேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் குடையைத் தொலைத்ததே அவள்தான் என்பது போலப் பேசுவார்கள். அந்த ஜன்னலை மூடிவிட்டுப் புகார் சொல்ல ஒரு செயலியைக் கொண்டுவந்தபோது அவள் இந்த வேலைக்கு வந்தாள். இங்கே திட்டு அவளுக்கு இல்லை. யாரோ யாரையோ சமூக ஊடகத்தில் திட்டியிருப்பதைப் படித்து, அது இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று சொல்ல வேண்டும். நேர்காணலில், "மோசமான வார்த்தையெல்லாம் நாள் முழுக்கப் படிச்சா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். "பசிக்கும்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, நாலாவது மாடியில். திரையில் இருப்பதை வெளியார் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடி முழுக்கக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கைபேசியை வாசலில் உள்ள பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பதிவு ஒன்றுக்கு நாற்பது நொடி, அதற்குள் 'இருக்கட்டும்' அல்லது 'எடு' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் போட்ட தீர்ப்புகளில் சிலவற்றை வேறொருவர் மறுபடி பார்ப்பார். தப்பு கூடினால் மதிப்பெண் இறங்கும், தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் ஆளே இறங்க வேண்டியதுதான். இவள் பதினான்கு மாதமாகத் தொண்ணூற்றெட்டை விட்டு அசையவில்லை. அதனால் அவளுக்குத் 'தராசு' என்று பேர். தன்னைவிட மூத்தவர்களும் 'தராசக்கா' என்று கூப்பிடும்போது அவள் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்த மாதக் கடைசியில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். முதுகு போய் ஆறு மாதமாகிறது, இன்னும் வண்டியில் ஏறவில்லை. நிரந்தரமாகிவிட்டால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அவர்களுக்கென்று ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதில் யூத வெறுப்பு பற்றிய அத்தியாயம்தான் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைப்பது. ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றி எழுதிவிட்டார்கள். மூன்றாவது முறை, தலைமை அலுவலகத்திலிருந்து விதி அதிகாரி திரையில் தோன்றி விளக்கினார். எந்த அரசையும் திட்டலாம். எந்தப் போரையும் திட்டலாம், எவ்வளவு சூடாகவும் திட்டலாம். யூதர்களை யூதர்கள் என்பதற்காக இழிவுபடுத்தக் கூடாது. உலகத்தையே அவர்கள் மறைந்திருந்து ஆட்டிவைப்பதாகக் கதை கட்டக் கூடாது. அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது நடக்கவே இல்லை என்று சாதிக்கக் கூடாது. எங்கோ இருக்கும் ஓர் அரசு செய்ததை இங்கே பக்கத்துத் தெருக்காரர் தலையில் கட்டக் கூடாது.

"சார், ஒரே பதிவுல மேல அரசைத் திட்டிட்டு, கீழ பக்கத்துத் தெருக்காரரைத் திட்டினா?" என்று பின் வரிசையில் ஒருத்தர் கேட்டார்.

"முழுசும் படிக்கணும்."

"நாப்பது நொடியிலயா?"

அதிகாரி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். நல்ல கேள்விகளுக்கெல்லாம் அந்த நிறுவனத்தில் இப்படித்தான் தண்ணீர் குடித்துவிடுவார்கள்.

புத்தகத்தின் கடைசியில் வசைச் சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அந்தச் சொல் தென்பட்டால் எடு. ஒரு விலக்கும் உண்டு: தனக்கு நேர்ந்த அவமானத்தை ஒருவர் எடுத்துக் காட்டினால் அதைத் தொடக் கூடாது. அது முப்பத்தொன்றாம் பக்கத்தில், சின்ன எழுத்தில். தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, திரை மூலையில் நொடி குறையக் குறைய, கண் அந்தச் சொல்லைக் கண்டதும் விரல் தானாகவே போய் அழுத்திவிடும்.

அன்று மூன்று பேர் காய்ச்சலில் விடுப்பு. மேல்முறையீடு பார்க்கிறவர்களும் அதில் அடக்கம். ஒருவர் போட்ட தீர்ப்பை அவரே மறுபடி பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஆள் இல்லாத நாளில் அந்த விதிக்கும் விடுப்பு. மதியம் இரண்டேகாலுக்கு அவள் திரையில் ஒரு மேல்முறையீடு வந்து நின்றது.

ஒரு கடைக் கதவின் படம். பச்சைக் கதவு. அதில் கறுப்புச் சாயத்தில், யூதர்களை இழிவாகச் சொல்லும் அந்தப் பட்டியல் சொல். கீழே 'ஓடிப் போ'. திரையின் ஓரத்தில், 'முதல் தீர்ப்பு: எடு. எடுத்துக்கொண்ட நேரம்: ஒன்பது நொடி. பார்த்தவர்: 417.' அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 417 அவள்தான்.

முறையீட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தாள். "இது என் மூக்குக் கண்ணாடிக் கடைக் கதவு. இந்த வார்த்தையை நான் எழுதவில்லை, எனக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் கடை முன்னால் கூடச் சொல்லி ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். அந்த நேரத்துக்கு யாராவது துணைக்கு வந்து நில்லுங்கள் என்று படத்துக்குக் கீழே கேட்டிருந்தேன். நீங்கள் என் பதிவை எடுத்து, கணக்கையும் முடக்கிவிட்டீர்கள். அவருடைய பதிவைப் பற்றி இரண்டு முறை புகார் செய்தேன். தவறில்லை என்று பதில் வந்தது."

வியாழக்கிழமை என்றால் அன்றைக்குத்தான்.

அந்த இன்னொரு பதிவைத் தேடி எடுத்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. முதல் நாலு வரி அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. தூரத்தில் நடக்கும் ஒரு போரில் செத்துப்போன குழந்தைகளைப் பற்றிய வரிகள், குண்டு போடும் அரசுக்கு இதயமே இல்லையா என்று கேட்கும் வரிகள். இரண்டு நாளைக்கு முன்னால் அதைப் படித்ததுமே, அரசைத் திட்டுகிற பதிவு, தாராளமாக இருக்கட்டும் என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஐந்தாவது வரியை அவள் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். "அந்தக் கூட்டத்து ஆள் ஒருத்தன் நம் ஊரிலேயே கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறான்." பிறகு கடையின் விலாசம். பிறகு, "வியாழன் மாலை ஐந்து மணி. நேரில் போய்க் கேட்போம்." பட்டியல் சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அடி வாங்கியவர் வாயை மூடியதும் அவள்தான், அடிக்க வரச் சொன்னவருக்கு வழிவிட்டதும் அவள்தான்.

முதல் காரியமாகக் கண்ணாடிக் கடைக்காரரின் பதிவைத் திருப்பிப் போட்டாள், கணக்கைத் திறந்துவிட்டாள். இரண்டாவது அவள் கையில் இல்லை. இரண்டு முறை 'தவறில்லை' என்று முத்திரை விழுந்த பதிவை எடுக்கக் குழுத் தலைவியின் ஒப்புதல் வேண்டும். எழுந்து போனாள்.

குழுத் தலைவி அவளைவிடப் பத்து வயது சின்னவள், கெட்டவள் இல்லை. பதிவைப் படித்தாள், பெருமூச்சு விட்டாள். "அக்கா, இது அரசைத் திட்டுற பதிவு. நீங்களே இருக்கட்டும்னு போட்டிருக்கீங்க. இப்ப மாத்தினா உங்க பேர்ல ரெண்டு பெரிய தப்பு ஏறும். கடைக்காரரோட பதிவைத் திருப்பிக் குடுத்துட்டீங்கல்ல, அத்தோட விடுங்களேன்."

"அஞ்சு மணிக்கு ஆள் வரச் சொல்லியிருக்காங்க."

"அடிப்போம், கொல்லுவோம்னு எங்கயும் இல்லையே. அப்படி இருந்தாத்தான் அவசரப் பிரிவு வாங்கிக்கும்."

"விலாசம் இருக்கு. நேரம் இருக்கு. கதவுல எழுதிட்டும் போயிட்டாங்க. இன்னும் என்னம்மா இருக்கணும்?"

குழுத் தலைவி நகத்தைக் கடித்தாள். "வேணும்னா விதி அதிகாரிகிட்டயே பேசிடுங்க" என்று தொலைபேசியைத் தள்ளினாள்.

விதி அதிகாரி கிடைத்தபோது மணி மூன்றரை. அவர் குரல் திரையில் கேட்டதைவிடக் களைத்திருந்தது. இது இரண்டும் கலந்த பதிவு, இந்த மாதிரிப் பதிவைக் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், குழு சனிக்கிழமை கூடும் என்றார். இப்போதே எடுத்தால் போரைப் பற்றிப் பேசுகிறவர்களின் வாயைப் பொத்துகிறோம் என்று நாளைக்கு ஊரே கிளம்பும், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும் என்றார். அது பொய்யில்லை. போன மாதம் அப்படி நடந்துமிருந்தது.

அவளுக்கு மண்டை காய்ந்தது. ஆனால் புகார் ஜன்னலில் உட்கார்ந்த ஒன்பது வருடம் அவளைக் குரல் உயர்த்தாமல் பேசப் பழக்கியிருந்தது.

"சார், மேல இருக்கற நாலு வரியை யாரும் எடுக்கச் சொல்லலை. அதை அவர் தனியா இன்னொரு தடவை போட்டா நானே இருக்கட்டும்னு போடுவேன். அஞ்சாவது வரிக்கு வாங்க. அந்த அரசுக்கும் இந்தக் கடைக்கும் நடுவுல இவர் என்ன சம்பந்தம் காட்டறார்? கடைக்காரர் யூதர். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இருக்கா, படிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் படிக்கிறார் என்று தெரிந்தது.

"அந்தக் கடைக்காரர் போரை ஆதரிக்கிறவரா இருந்தா?" என்றார் அதிகாரி.

"தெரியாது சார். தெரிஞ்சுக்கவும் வேண்டாம். எப்படிப்பட்டவரா இருந்தாலும் அஞ்சு மணிக்கு அவர் கடைக்கு ஆள் அனுப்பலாமா? நீங்களே எழுதின விதி அது, பக்கத்துத் தெருக்காரர் தலையில கட்டாதன்னு. இவருக்கு இல்லைன்னா வேற யாருக்காக எழுதினீங்க?"

தண்ணீர் குடிக்கிறாரோ என்று நினைத்தாள். நாற்பது நொடிக்கு மேலேயே ஆயிற்று. பிறகு, "உங்க எண் என்ன?" என்றார்.

"417. முதல்ல இருக்கட்டும்னு விட்டதும் அதே எண்தான். அதையும் எழுதிக்குங்க."

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அதிகாரியின் ஒப்புதலோடு அந்தப் பதிவு போயிற்று. நாலு இருபதுக்கு அவள் மதிப்பெண்ணும் போயிற்று. குழுத் தலைவி அவள் நாற்காலிக்கே வந்து, "பட்டியல்லேர்ந்து பேர் எடுத்துட்டாங்கக்கா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தாள். "சரிம்மா" என்று இவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டாள், அன்றைய வேலை நேரம் முடிந்திருந்தது. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. இரண்டாயிரம் பேர் ஏற்கெனவே படித்தாயிற்று என்று நினைத்தபோது இன்னும் கனத்தது.

பதிவு போட்டவர் யாரையும் நேரில் சந்திக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு வீட்டுக்கு எதிர்த்திசையில் போகிற வண்டியில் ஏறினாள்.

பச்சைக் கதவைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. எதிர் நடைபாதையில் ஏழெட்டுப் பேர் கைபேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடை வாசலிலும் ஒரு கூட்டம். யார் எதற்கு வந்தவர்கள் என்று பார்த்த பார்வையில் அவளுக்குப் பிடிபடவில்லை. கிட்டே போனபோதுதான் வாசலில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூக்குக் கண்ணாடி இருப்பதைப் பார்த்தாள். கழுத்தில் நாடா தொங்கும் தையல்காரர், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண், ஒரு பள்ளி ஆசிரியை, இன்னும் ஆறேழு பேர். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கண்ணாடி பழுதாகியிருந்தது. அவளும் தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் மங்கலாகிவிட்டது, அது இன்னும் பயமாக இருந்தது.

ஐந்து அடித்தது. யாரோ ஒரு கெட்ட வார்த்தையைக் கத்தினார்கள். ஒருவன் சாலையைக் கடந்து வந்து, கதவடியில் இருந்த சோப்புத் தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்தான். தையல்காரர் ஓரடி முன்னால் வந்து, "நானும் கண்ணாடிக்குத்தான் காத்திருக்கேன். நீங்க வரிசையில பின்னாடி நில்லுங்க தம்பி" என்றார். குரல் நடுங்கியது, கால் நகரவில்லை. அவன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், காறித் துப்பினான், திரும்பிப் போனான். ஐந்தரைக்கு எதிர் நடைபாதை காலியானது.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, இவள் மட்டும் நின்றாள்.

"பதிவைப் பார்த்துட்டு வந்தீங்களாம்மா?" என்றார். "ரெண்டரை மணிக்குத்தான் திரும்ப வந்துச்சு. நடுவுல எடுத்துட்டாங்க. மெஷின் எடுத்திருக்கும்னு வீட்ல சொல்லிட்டிருந்தேன். மனுஷங்க பார்த்திருந்தா எடுத்திருக்க மாட்டாங்கல்ல."

"மெஷின் இல்லைங்க" என்றாள். "நான்தான்."

கதவைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அவர் கீழே வைத்தார்.

"ஆள் வரச் சொன்னவரோட பதிவு தப்பில்லைன்னு வந்துச்சே. அது?"

"அதுவும் நான்தான். மேல நாலு வரி படிச்சேன். குழந்தைங்களைப் பத்தி எழுதியிருந்தாங்க. எனக்கும் மனசு தாங்கல. அதுக்குக் கீழ படிக்காம விட்டுட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே வந்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"அந்த நாலு வரியை நானும் மனசு தாங்காமத்தான் படிச்சேன்" என்றார். "அஞ்சாவது வரியில என் விலாசம் இருந்துச்சு."