தைல மரம் நட்ட வருடம்

மருமகள் வாங்கித் தந்திருக்கும் ஆவி பிடிக்கும் இயந்திரம், குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கிறது. பச்சை மாத்திரை ஒன்றை உடைத்து ஊற்ற வேண்டுமாம். ஊற்றினேன். முகத்தை நனைத்துவிட்டுத் தானாக அணைந்துகொண்டது. மூக்கு அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. இதற்கு ஒரு வருட உத்தரவாதம் வேறு.

ஆவி பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. தைல மரத்தின் இளம் இலை உதவாது. அரிவாள் போல வளைந்து நீண்ட முற்றிய இலை வேண்டும். இரண்டு கைப்பிடி. கழுவி, நடு நரம்பு முறியக் கசக்கி, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் சளி உங்களுக்கு, வைத்தியம் சமையலறைக்கு. உடனே மூடி இறக்கி, கம்பளிக்குள் புகுந்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். கண் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு என்னைத் திட்டியவர்கள் உண்டு.

இந்த ஞானமெல்லாம் தொண்ணூறுகளில் நான் தலைமை எழுத்தராக இருந்த காஞ்சிபுரம் அலுவலகத்தில் கிடைத்தது. வளாகத்தில் ஒற்றைத் தைல மரம். ஐப்பசி பிறந்தால் என்னால் கோப்பு பார்க்க முடியாது. சன்னலுக்கு வெளியே இலை பறிக்கத் தொரட்டியோடு ஊரே நிற்கும். தலைவலிக்குப் பற்றுப் போட, தலையணைக்கடியில் வைக்க, கொசுவுக்குப் புகை போட என்று ஆளுக்கொரு வைத்தியம்.

முதல் ஆள் பின்தெரு நெசவாளர் கோதண்டம். மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் ஈரம் ஏறும். அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மூக்கு ஒழுகும்.

"பாவு நூல் மேல ஒரு சொட்டு வுழுந்தாலும் கறை நின்னுடும் சார். முகூர்த்தப் பொடவ. இந்த மூக்க வச்சிக்கினு எப்படி உக்கார்றது?"

ஒரு கட்டு இலையோடு போவார். சாயங்காலம் பின்தெருவில் அவர் தறிச் சத்தம் கேட்கும்.

ஒருநாள் யாரோ இழுத்த கிளை என் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. எரிச்சலில் மேலிடத்துக்குக் கடிதம் வரைந்தேன்: அரசு வளாக மரத்தில் பொதுமக்கள் இலை பறிக்கலாமா, தெளிவுரை வேண்டும். அதைத் தபாலில் சேர்க்க வாங்கிக்கொண்ட காவலாளி ஏழுமலை, வாசற்படியிலேயே நின்றார்.

"வாணாம் சார். நாம எழுதினா அவங்களும் எழுதுவாங்க."

எழுதினார்கள். அப்படியொரு மரம் எங்கள் மரப் பதிவேட்டிலேயே இல்லையாம். நட்ட வருடத்தைக் குறிப்பிட்டுப் பதினைந்து நாளில் பதிய வேண்டும். தவறினால் பதிவில்லாத மரம் என்று அகற்றப்படும். யார் நட்டது, எப்போது நட்டது என்று தெருத்தெருவாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சேதி தெரிந்து கோதண்டம் வந்தார்.

"ஏதோ ஒரு வருசத்தப் போட்டு வுடுங்க சார். மரம் வந்து இல்லன்னா சொல்லப்போவுது?"

"பொய்ப் பதிவு போடச் சொல்றீங்களா?"

"இன்னா சார் பொய்யி? மரம் மெய்யாதானே நின்னுக்கினு இருக்குது!"

என் சர்வீஸில் அதுவரை ஒரு பொய்ப் பதிவு கிடையாது. படிவத்தில் நட்ட வருடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். பதிவு ஏறவில்லை; கெடு முடிந்ததும் வெட்ட ஆள் வந்தது.

வெட்டிய அன்று நாலு தெருவுக்கு வாசனை. சளி பிடித்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே மூக்கு திறந்தது. மறுவாரம், வெட்டிய மரத்துக்கான படிவம் வந்தது. அதிலும் நட்ட வருடம் என்றொரு கட்டம். என்ன எழுதுவது என்று தொலைபேசியில் கேட்டேன்.

"தெரியவில்லைன்னு போடுங்க, போதும்" என்றார்கள்.

அதை முன்பே கேட்டிருக்கலாம். எதையெல்லாமோ கேட்டு எழுதியவன் அதைக் கேட்கவில்லை. ஆக, மரம் பதிவேட்டில் ஏறியது விறகான பிறகுதான், என் கையெழுத்தில்.

இப்போது அங்கே சிமெண்ட் தளத்தில் கார்கள் நிற்கின்றன. பதிவேடு எந்த மூட்டையில் இருக்கிறதோ.

மரம் போனபின் வந்த முதல் கார்த்திகையில் கோதண்டம் வந்தார். தொரட்டி இல்லை, வெறுங்கை. மரம் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். மூக்கு முழுக்க அடைத்திருப்பது குரலிலேயே தெரிந்தது.

"வருசம் கெடச்சிதா சார்?"

அன்று சாயங்காலம் பின்தெருவில் அவர் தறிச் சத்தம் கேட்கவில்லை.